புள்ளி இல்லாத குர்ஆன் ஏடு

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலாலம்பூர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயதிலேயே குர்ஆனை ஓதி முடித்தவள் நான். அங்கே கண்ணாடிக்குள் இருந்த பழைய தோல் ஏட்டில் ஒரு வரிகூடப் படிக்க வரவில்லை. தடித்த, இழுத்து எழுதிய எழுத்து, அங்கங்கே சிவப்புப் புள்ளி. மகள் முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. அது அரபுதானா?
- ஒரு வாசகி, ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: அரபுதான், கூஃபி என்ற பழைய எழுத்து வடிவம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பழைய ஓலைச்சுவடியைக் கையில் கொடுத்தால் நானும் அப்படித்தான் முழிப்பேன். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும், பாட்டு தெரிந்தவருக்கு அது போதும்.

அங்கேயும் அதே கதைதான். பா, தா, ஸா மூன்றையும் இன்று புள்ளியை வைத்துத்தானே பிரிக்கிறோம், சொல்லுக்கு நடுவே வந்தால் நூனும் யாவும்கூட அதே பல் வடிவம், ஆகப் புள்ளியை எடுத்துவிட்டால் ஒரே பல்லை ஐந்து விதமாகப் படிக்கலாம். பழைய படிகளில் எழுத்துப் புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னக் கோடாகத்தான் வரும். மனப்பாடமாக ஓதியவர்களுக்கு ஏடு வெறும் துணை. அரபு தாய்மொழியாக இல்லாதவர்களும் ஓதத் தொடங்கிய பிறகுதான் சிக்கல்.

நீங்கள் பார்த்த சிவப்புப் புள்ளி எழுத்தின் புள்ளியல்ல, ஜபர், ஜேர், பேஷ் என்ற உயிரொலிக் குறிகளுக்கானது. மேலே இருந்தால் அ, கீழே இருந்தால் இ, பக்கத்தில் இருந்தால் உ. பஸ்ராவின் இலக்கண அறிஞர் அபுல் அஸ்வத் இதைத் தொடங்கினார் என்பது மரபு. இன்றைய உயிரொலிக் குறிகளை 8ஆம் நூற்றாண்டில் மொழியறிஞர் கலீல் இப்னு அஹ்மது வகுத்தார் என்பார்கள்.

அப்புறம் பாக்தாதில் இப்னு முக்லா வந்தார். அமைச்சராக இருந்தவர், அரசியலில் வலது கையையே இழந்து 940இல் இறந்தார். பேனா முனை வைக்கும் புள்ளியை அளவுகோலாக்கி ஒவ்வோர் எழுத்துக்கும் கணக்கு வைத்தது அவர்தான். அந்த வழியில் வந்த இப்னு அல்-பவ்வாப் சுமார் 1000ஆம் ஆண்டில் நஸ்க் என்ற உருண்ட எழுத்தில் எழுதிய குர்ஆன் டப்ளினில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் நீங்கள் தடுமாறாமல் ஓதிவிடுவீர்கள்.

அடுத்த முறை போனால் தகவல் அட்டையில் எந்த சூரா என்று முதலில் பாருங்கள். மனப்பாடமான சூராவாக இருந்தால் கண் தானாக எழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பழைய குர்ஆன் ஏடு நபிகள் காலத்ததாமே?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இருக்கலாம். மொத்தம் இரண்டே தாள்கள், வலப்பக்கம் சாய்ந்த, ஹிஜாஸி என்ற தொடக்ககால அரபு எழுத்து. 2015இல் வெளிவந்த, வயதைக் கணிக்கும் கரிமச் சோதனை 568 முதல் 645 வரை என்றது. ஆனால் சோதித்தது தோலை, மையை அல்ல. ஆடோ மாடோ செத்த காலம் தெரியும், எழுதிய நாள் அதிலிருந்து தெரியாது.