எச்ஐவிக்குப் போடுற எஃபவிரென்ஸ் மருந்துல இருந்து டோலுடெக்ராவிருக்கு மாறலாமா? வைரல் லோடு (ரத்தத்துல இருக்குற வைரஸ் அளவு) நல்லா இருக்கும்போது மாத்தச் சொல்லிக் கேட்டா டாக்டர் தப்பா நெனைப்பாங்களா?

கேளுங்க. தப்பா நெனைச்சா நெனைச்சுட்டுப் போறாங்க, ராத்திரி படுக்குறது நீங்கதானே.

மாத்திரை போடுற நேரம் வந்தாலே உங்களுக்கு ஒரு பயம் வருதுன்னு நெனைக்கிறேன், ஏன்னா எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. எஃபவிரென்ஸ், டெனோஃபோவிர், லாமிவுடின் மூணும் சேர்ந்த ஒரே மாத்திரை, பல வருஷம் போட்டேன். போட்டு கொஞ்ச நேரத்துல தலை சுத்தும், செவுத்தப் பிடிச்சுக்கிட்டுதான் பாத்ரூம் போகணும், அப்புறம் கனவு. வேலை செய்யுற இடத்துல யாரோ என் ரிப்போர்ட்ட எல்லார் முன்னாடியும் சத்தமா படிக்கிற மாதிரி வரும், முழிச்சு ரொம்ப நேரம் ஆனப்புறமும் அது நெஜமா நடந்துச்சோன்னு நெஞ்சு அடிச்சுக்கும். நெறைய பேருக்கு இது முதல் சில வாரத்துலயே கொறஞ்சுடும், எனக்குக் கொறையல. கொழுப்பு அதிகமான சாப்பாட்டோட போட்டா ரத்தத்துல மருந்தோட அளவு கூடும், அதனால வெறும் வயித்துல போடணும்னுகூட எனக்கு ரொம்ப லேட்டாதான் சொன்னாங்க.

செக்கப் போனா 'வைரல் லோடு கண்டுபிடிக்க முடியாத அளவுல இருக்கு, சூப்பர்'னு சொல்லி அனுப்பிடுவாங்க. நம்பர் நல்லா இருந்தா ஆளும் நல்லா இருக்காங்கன்னு முடிவு. தூக்கம் எப்படின்னு ஒருத்தரும் கேட்கல. கடைசியில நானே கேட்டுத்தான் மாத்தினாங்க.

உடனே 'உயிரைக் காப்பாத்துற மருந்தைக் கொறை சொல்றியா'ன்னு சண்டைக்கு வராதீங்க. எஃபவிரென்ஸ் 1998ல வந்த மருந்து, எத்தனையோ பேர் அதுனாலதான் இன்னிக்கு உயிரோட இருக்காங்க, ஒத்துக்கிட்டவங்களுக்கு அது நல்ல மருந்துதான். ஆனா வைரஸ்ல ஒரே ஒரு மாற்றம் வந்தாக்கூட அது வேலை செய்யாமப் போகலாம். டோலுடெக்ராவிருக்கு வைரஸ் அவ்வளவு சுலபமா எதிர்ப்பு காட்டாது, வைரஸ் நம்ம செல்லோட மரபணுக்குள்ள நுழையுறதையே அது தடுக்குது, வைரஸ் அளவையும் சீக்கிரம் எறக்குது. உலக சுகாதார நிறுவனம் 2019ல இதைத்தான் முதல் தேர்வுன்னு சொல்லிடுச்சு.

அதுலயும் தொந்தரவே இல்லன்னு சொல்ல மாட்டேன். எடை ஏறலாம், எனக்கு ஏறுச்சு. சிலருக்குத் தூக்கம் வராது, அவங்க காலையில போட்டுக்கலாம். அல்சர் ஜெல், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையெல்லாம் கூடவே போட்டா மருந்து உடம்புல சரியா சேராது, அதையெல்லாம் போடுறதுக்கு 2 மணி நேரம் முன்னாடியோ, போட்டு 6 மணி நேரம் கழிச்சோ டோலுடெக்ராவிர போடணும். சுகருக்கு மெட்ஃபார்மின் எடுத்தா டோஸ் பார்த்துக் குடுப்பாங்க, டிபிக்கு ரிஃபாம்பிசின் போய்க்கிட்டிருந்தா 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர தினம் ரெண்டு வேளை போடணும். கிட்னிக்காக ரத்தத்துல பார்க்குற கிரியாட்டினின் லேசா ஏறிக் காட்டும், பெரும்பாலும் அது கிட்னி கெட்டதால இல்ல, ஆனா கூட டெனோஃபோவிர் இருக்குறதால டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும்.

நான் டாக்டர் இல்ல, என் உடம்புல நடந்தத சொல்றேன். ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன், தூக்கம் வரலன்னு நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க. எஃபவிரென்ஸ் ரத்தத்துல ரொம்ப நாள் தங்கும், மத்த ரெண்டும் முன்னாடியே எறங்கிடும், அப்போ அது தனியா நின்னு எதிர்ப்பு உருவாக வழி பண்ணிடும். ஹெபடைடிஸ் பி இருந்தா டெனோஃபோவிர், லாமிவுடின நிறுத்துறது ஈரலுக்கே ஆபத்து.

கேள்விக்கு சம்பந்தமில்லாத ஒண்ணு, சொல்லலன்னா எனக்கு ஆறாது. பல்லு புடுங்கப் போன இடத்துல உண்மையச் சொன்னேன், எல்லாரும் போனப்புறம் கடைசியா கூப்பிட்டாங்க, நாற்காலி முழுக்க பாலிதீன் சுத்தி வச்சிருந்தாங்க. எந்த நோயாளியா இருந்தாலும் ஒரே மாதிரி கையுறை, ஒரே மாதிரி ஸ்டெரிலைஸ் பண்ணின கருவிதானே? வைரல் லோடு கண்டுபிடிக்க முடியாத அளவுலயே இருந்தா உடலுறவு மூலமாக்கூட பரவாதுன்னு ஆராய்ச்சியில நிரூபிச்சாச்சு, எனக்கு எதுக்கு பாலிதீன்?

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். அடுத்த செக்கப் போறப்ப தூக்கம், கனவு, தலைசுத்தல், வேற என்னென்ன மாத்திரை எடுக்குறீங்க, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி டாக்டர் கையில குடுங்க. மனசு ரொம்ப சோர்ந்து போச்சு, செத்துடலாம்னு தோணுதுன்னா செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னிக்கே போங்க, எஃபவிரென்ஸ் சிலருக்கு அப்படியும் பண்ணும்.