இறைச்சி இல்லாத ரூபன் சாண்ட்விச்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ரூபன் சாண்ட்விச் அமெரிக்காவில் பிறந்தது. ஒமாஹா நகரின் பிளாக்ஸ்டோன் ஓட்டலில் 1920களில் சீட்டாட வந்தவர்களுக்காக உருவானது என்று ஒரு சாராரும், நியூயார்க்கில் ஆர்னால்டு ரூபன் நடத்திய உணவகத்தில் உருவானது என்று மற்றொரு சாராரும் இன்றும் உரிமை கொண்டாடுகிறார்கள். நாள்கணக்கில் உப்புநீரில் ஊறி வெந்த மாட்டு நெஞ்சுக்கறியான கார்ன்ட் பீஃப், சுவிஸ் சீஸ், சாவர்க்ராட் எனப்படும் புளித்த முட்டைக்கோஸ், மயோனைஸில் கெட்சப் கலந்த ரஷ்யன் டிரெஸ்ஸிங் ஆகியவற்றை, ரை என்னும் தானியத்தில் செய்த ரொட்டிக்குள் அடுக்கிச் சூடான கல்லில் வாட்டினால் அது ரூபன். இதையே விலங்குப் பொருள் எதுவும் இல்லாமல், நனிசைவமாக வீட்டில் செய்வது பற்றி வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: இறைச்சியே உயிராக இருக்கும் சாண்ட்விச்சில் அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

பதில்: நீங்கள் நினைப்பதைவிட அதிகம் மிஞ்சும். கார்ன்ட் பீஃப் என்றதும் நாக்கு நினைவுகூரும் மணத்தில் பெரும்பகுதி கொத்தமல்லி விதை, கடுகு, மிளகு, கிராம்பு, ஆல்ஸ்பைஸ், பிரிஞ்சி இலை ஆகியவற்றிலிருந்து வருகிறது. இவற்றில் ஒன்றுகூட விலங்கினுடையது அல்ல. பெயரில் உள்ள ‘கார்ன்’ மக்காச்சோளத்தைக் குறிப்பதன்று, தானிய மணி அளவில் இருந்த உப்புப் பரல்களைக் குறிப்பது. ஆகவே நீங்கள் புதிதாக உருவாக்க வேண்டியவை மூன்றுதான்: பல்லுக்குத் தட்டுப்படும் அழுத்தம், கொழுப்பின் வழவழப்பு, உமாமி என்னும் ஆழ்ந்த சுவை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கார்ன்ட் பீஃபுக்குப் புகை மணம் கிடையாது. புகையூட்டிய மிளகாய்த்தூளையோ திரவப் புகையையோ தாராளமாகச் சேர்த்தால் நீங்கள் செய்வது பாஸ்ட்ரமி எனப்படும் புகையூட்டிய மாட்டிறைச்சியின் சாயலைப் பெற்றுவிடும்.

கேள்வி: செய்டான், டெம்பே, பலாக்காய் ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மெல்லிய வில்லைகளாகச் சீவி மடித்து அடுக்க வேண்டிய சாண்ட்விச் இது என்பதால், கோதுமைப் புரதமான குளூட்டனில் செய்யும் செய்டானுக்கே என் வாக்கு. டெம்பே, சோயாவைப் பூஞ்சையால் புளிக்கவைத்துச் செய்யும் ஜாவாத் தீவின் உணவு. அது மடியாது, உதிரும். ஆனால் அதற்கென்று ஒரு கொட்டைச் சுவை உண்டு. ஊறவைப்பதற்கு முன் 10 நிமிடம் ஆவியில் வைத்தால் அதன் கசப்பு தணிந்து, மசாலாவையும் நன்றாக இழுத்துக்கொள்ளும். பலாக்காய் நார்நாராகப் பிரியும் தன்மை உடையது, புரதமும் மிகக் குறைவு. பிய்த்துப் போட்ட இறைச்சிக்கு அது பொருத்தமான மாற்றாகலாம். வில்லைகள் கேட்கும் ரூபனுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: நான் செய்த செய்டான் ஒருமுறை ரப்பர் போலவும், மறுமுறை பஞ்சு போலவும் வந்தது. எங்கே தவறு?

பதில்: இரண்டும் வெவ்வேறு தவறுகள். அதிகமாகப் பிசைந்தால் குளூட்டன் இழைகள் இறுகி ரப்பராகும். கொதிக்கும் நீரில் நேரடியாகப் போட்டால் மாவு நீரைக் குடித்து உப்பிப் பஞ்சாகும். என் முதல் முயற்சியில் இரண்டு தவறுகளையும் ஒருசேரச் செய்து, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தட்டில் வைத்தது போன்ற ஒன்றை விருந்தினருக்குப் பரிமாறியிருக்கிறேன்.

முதலில் மசாலா நீர் தயாரியுங்கள். மேலே சொன்ன மசாலாப் பொருள்களை ஒன்றிரண்டாகத் தட்டி, உலர்ந்த ஷிடாகே காளான் நான்கைந்து, பூண்டு, சோயா சாஸ் ஆகியவற்றோடு ஒரு லிட்டர் நீரில் அரைமணி நேரம் சிறுதீயில் வைத்து வடிகட்டுங்கள். சோயா சாஸில் உள்ள குளூட்டமேட்டும் உலர்ந்த ஷிடாகேயில் உள்ள குவானிலேட்டும் சேரும்போது, உமாமிச் சுவை இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பன்மடங்கு கூடும் என்பதால் காளானைத் தவிர்க்க வேண்டாம். பிறகு 150 கிராம் குளூட்டன் மாவு, 30 கிராம் கடலை மாவு, 2 மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றை ஆறிய மசாலா நீர் சுமார் 200 மில்லிலிட்டர் விட்டுச் சேர்த்து, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் பிசையுங்கள். கடலை மாவு இழைகளின் இறுக்கத்தைத் தளர்த்தும், எண்ணெய் வறட்சியைப் போக்கும். உருளையாக உருட்டிப் பேக்கிங் தாளிலும் அதன் மேல் அலுமினியத் தாளிலும் சுற்றி, 45 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள்.

வெந்த உடனே வெட்டிவிட வேண்டும் என்ற ஆசையைத் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் இருந்தால்தான் அது கெட்டிப்பட்டு, காகிதம் போலச் சீவ இடம் கொடுக்கும். சீவிய வில்லைகளை மீதமுள்ள மசாலா நீரில் உப்பும் சிறிது வினிகரும் சேர்த்துச் சில மணி நேரம் ஊறவைத்து, வடித்து, எண்ணெய் தடவிய கல்லில் ஓரம் சிவக்கும் வரை வாட்டுங்கள். உப்பு சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும். ரொட்டிக்குள் போனதும் அது அடங்கிவிடும்.

கேள்வி: இளஞ்சிவப்பு நிறத்துக்கு, இறைச்சியைப் பதப்படுத்தும் க்யூரிங் உப்பு சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம், பயனும் இல்லை. அந்த உப்பில் உள்ள நைட்ரைட், இறைச்சியிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதத்தோடு வினைபுரிவதால்தான் நிறம் தருகிறது. கோதுமையில் மயோகுளோபின் கிடையாது. பிசையும் நீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பீட்ரூட் சாறு போதும். பீட்ரூட்டின் சிவப்பு நெடுநேரச் சூட்டில் பழுப்பாக மங்கும். சிறிது வினிகர் அதை ஓரளவு காப்பாற்றும்.

கேள்வி: கடையில் வாங்கிய வீகன் சீஸ் உருகவே மாட்டேன் என்கிறது.

பதில்: பாலாடைக்கட்டியை இழுபட வைப்பது கேசின் என்னும் பால் புரதம். பெரும்பாலான வீகன் சீஸ்களில் அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயும் மாவுச்சத்தும் இருப்பதால், உலர்ந்த சூட்டைவிட ஈரச் சூட்டுக்கே அவை எளிதாக இளகும். சாண்ட்விச்சைக் கல்லில் வைத்ததும் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி நீர் தெளித்து மூடிவைத்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வீட்டிலேயே செய்வதானால், ஊறவைத்த 70 கிராம் முந்திரி, 240 மில்லிலிட்டர் நீர், 3 மேசைக்கரண்டி மரவள்ளி ஸ்டார்ச், ஒரு மேசைக்கரண்டி நியூட்ரிஷனல் ஈஸ்ட் (சீஸ் சுவை தரும் உலர் ஈஸ்ட்), ஒரு மேசைக்கரண்டி சாவர்க்ராட் நீர், உப்பு ஆகியவற்றை மைய அரைத்து, கைவிடாமல் கிளறினால் ஐந்தாறு நிமிடத்தில் இழைவிடும் குழம்பாகத் திரளும். சுவிஸ் சீஸின் இனிய கொட்டை மணம் இதில் முழுமையாக வராது. புளித்த சோயா விழுதான வெளிர் நிற மிசோ ஒரு தேக்கரண்டி சேர்த்தால் அதை ஓரளவு நெருங்கலாம்.

கேள்வி: முட்டை இல்லாமல் ரஷ்யன் டிரெஸ்ஸிங் கெட்டிப்படுமா?

பதில்: கெட்டிப்படும். முதலில் முட்டையில்லாத மயோனைஸ் செய்யுங்கள்: இனிப்பில்லாத சோயாப் பால் ஒரு பங்கு, மணமற்ற எண்ணெய் இரண்டு பங்கு, இரண்டும் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும். கைப் பிளெண்டரைப் பாத்திரத்தின் அடியில் அழுத்தி ஓடவிட்டு, மெல்ல மேலே தூக்குங்கள். கடைசியில் விடும் வினிகர் அதை மேலும் இறுக்கும். அதில் கெட்சப், பொடியாக நறுக்கிய கெர்கின் (ஊறவைத்த சிறு வெள்ளரி), ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரமான கிழங்கின் துருவல், வெங்காயம் சேருங்கள். மரபான வோர்செஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும் என்பதால் அதன் இடத்தில் சோயா சாஸும் ஒரு துளி புளிக்கரைசலும் போதும்.

கேள்வி: சாவர்க்ராட்டில் லாக்டிக் அமிலம் என்கிறார்களே, அதில் பால் உண்டா?

பதில்: இல்லை. பெயர் பாலிலிருந்து வந்தது. அமிலமோ முட்டைக்கோஸின் சர்க்கரையிலிருந்து பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. முட்டைக்கோஸும் அதன் எடையில் சுமார் 2 சதவீதம் உப்பும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம்.

கேள்வி: பாதி சாப்பிடுவதற்குள் ரொட்டி ஊறிப் பிய்ந்துவிடுகிறது. மேலும், ரை ரொட்டி எல்லாமே நனிசைவம்தானா?

பதில்: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாவு, நீர், உப்பு, புளித்த மாவு என்று அமைந்த ரை ரொட்டி நனிசைவமே. ஆனால் பால் பொடி, மோர்ப் பொடி, தேன் சேர்த்தவையும் உண்டு என்பதால் உறையைப் படித்துத்தான் வாங்க வேண்டும். குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு ரை ரொட்டியும் செய்டானும் ஆகவே ஆகாது. அவர்கள் குளூட்டனற்ற ரொட்டியையும், வேறு தானியம் கலக்காத டெம்பேயையும் நாட வேண்டும்.

ரொட்டி ஊறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சாவர்க்ராட்தான். அதைக் கையால் ஒட்டப் பிழிந்து, கல்லில் ஒரு நிமிடம் புரட்டி ஈரத்தைப் போக்குங்கள். ரொட்டியின் உட்புறங்களை முன்பே லேசாக வாட்டி, இரண்டு பக்கமும் சீஸை ஒட்டி, டிரெஸ்ஸிங்கையும் சாவர்க்ராட்டையும் நடுவில் செய்டானுக்குள் பொதிந்துவிட்டால், ஈரம் ரொட்டியை எட்டுவதற்குக் கொழுப்பு விடாது. வெளிப்புறத்தில் எண்ணெய் தடவி, மிதமான தீயில் கனமான பாத்திரம் ஒன்றை மேலே வைத்து, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் வாட்டி, உடனே பரிமாறுங்கள்.