வெளியே நின்ற 140 பேர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 24. போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1996-98 ஐக்கிய முன்னணி ஆட்சி பற்றிப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தது நாலே வரி. 13 கட்சிகள் சேர்ந்தன, ஒற்றுமை இல்லை, இரண்டு பிரதமர்கள், இரண்டு வருடத்துக்குள் கவிழ்ந்தது. மாநிலக் கட்சிகள் டெல்லிக்குப் போனால் இதுதான் நடக்கும் என்று ஆசிரியர் முடித்துவிட்டார். வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் அந்தக் காலத்துத் தமாகா (மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ்) அனுதாபி. "மூப்பனாரை உட்கார வெச்சிருந்தா அஞ்சு வருஷமும் ஓடியிருக்கும், நம்மாளுங்களே கெடுத்துட்டாங்க" என்கிறார். இரண்டில் எது சரி?

எம்.
கரூர்

அன்புள்ள எம்.,

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் ஆசிரியர் உள்ளே இருந்த கட்சிகளை எண்ணியிருக்கிறார். ஆட்சியைக் கவிழ்த்த கட்சி உள்ளேயே இல்லை. அது வெளியே நின்றது.

1996 மே மாதக் கணக்கைப் பாருங்கள். பாஜகவுக்கு 161, காங்கிரஸுக்கு 140. ஜனதா தளம் 46, மார்க்சிஸ்ட் 32, தமாகா 20, திமுக 17, சமாஜ்வாதி 17, தெலுங்கு தேசம் 16, இந்தியக் கம்யூனிஸ்ட் 12. சின்னக் கட்சிகளையும் சேர்த்தால்கூட முன்னணி 200ஐத் தொடவில்லை. வாஜ்பாய் 13 நாளில் ராஜினாமா செய்தார். வி.பி.சிங் பிரதமர் பதவியே வேண்டாம் என்று விலகிக்கொண்டார். மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசுவை அவருடைய மார்க்சிஸ்ட் கட்சியே விடவில்லை. கடைசியில் கர்நாடக முதல்வராக இருந்த தேவகவுடா ஜூன் 1 அன்று பதவியேற்றார். தாங்கிப் பிடித்தது காங்கிரஸின் 140 பேர். அமைச்சரவையில் அவர்களுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. முன்னணியின் வழிகாட்டுக் குழுவிலும் இடமில்லை. மார்க்சிஸ்டுகளும் அமைச்சரவைக்கு வெளியேதான் இருந்தார்கள், ஆனால் வழிகாட்டுக் குழுவில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். காங்கிரஸ் காலையில் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அப்படிப்பட்ட ஆட்சி என்ன செய்துவிட முடியும் என்று நினைப்பீர்கள். 1996 டிசம்பரில் வங்கதேசத்துடன் 30 ஆண்டுகளுக்கான கங்கை நீர் ஒப்பந்தம் போட்டார்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீடு தரும் மசோதாவை முதன்முதலில் மக்களவையில் வைத்ததும் இவர்கள்தான். 1997 பிப்ரவரி 28 அன்று ப.சிதம்பரம் தாக்கல் செய்த பட்ஜெட், 15, 30, 40 என்று இருந்த வருமான வரி விகிதங்களை 10, 20, 30 ஆக்கியது. அந்த மூன்று படி வாஜ்பாய், மன்மோகன் சிங் ஆட்சிகளைத் தாண்டி, மோடி ஆட்சியிலும் 2017 வரை மாறாமல் நின்றது. உள்துறை அமைச்சர் இந்திரஜித் குப்தா ஒரு கம்யூனிஸ்ட். பெருநிறுவன வரியை 35 சதவீதமாகக் குறைத்த நிதியமைச்சரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து அவர் ஆட்சி நடத்தினார். "ஒற்றுமை இல்லை" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது இவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

அந்த பட்ஜெட் நிறைவேறுவதற்குள் வந்தது 1997 மார்ச் 30. ஞாயிற்றுக்கிழமை. இந்திய, பாகிஸ்தான் வெளியுறவுச் செயலாளர்கள் டெல்லியில் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். நரசிம்ம ராவ் வழக்குகளில் சிக்கி விலகியபின் காங்கிரஸ் தலைவரான சீதாராம் கேசரி, ஆதரவு வாபஸ் என்று குடியரசுத் தலைவருக்குக் கடிதம் கொடுத்தார். அதே கடிதத்தில் தன் கட்சியை ஆட்சி அமைக்க அழைக்கும்படியும் கேட்டார். காங்கிரஸுக்குள்ளேயே பலருக்கு அதிர்ச்சி. ஏப்ரல் 11 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் தேவகவுடாவுக்குக் கிடைத்தது 158, எதிராக 292. அந்த 292இல் காங்கிரஸும் பாஜகவும் ஒரே பக்கம். மதவாதத்தைத் தடுக்கத்தான் முன்னணியை ஆதரிக்கிறோம் என்று பத்து மாதம் சொல்லிவந்த கட்சி, அன்று பாஜகவுடன் சேர்ந்து வாக்களித்தது. முன்னணிக் கட்சிகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை.

அப்பாவின் கேள்விக்கு இங்கேயே வந்துவிடுகிறேன். தேவகவுடாவை மாற்றினால் போதும், ஆதரவு தொடரும் என்று காங்கிரஸ் இறங்கிவந்தபோது மூப்பனார் பெயர் உண்மையாகவே அடிபட்டது. யார் தடுத்தார்கள் என்பதற்கு நம்மூரில் ஆளுக்கொரு கதை உண்டு. அதற்குள் நான் போகவில்லை. தேவகவுடாவுக்கு அடுத்த பிரதமராகக் குஜ்ரால் தேர்வானதும் தமாகாவுக்கு வருத்தம் இருந்தது நிஜம். ஏப்ரல் 21 பதவியேற்பில் அவர்கள் சேரவில்லை, மே 1 அன்றுதான் சிதம்பரம் மறுபடி நிதியமைச்சரானார். மூப்பனார் மேல் அப்பாவுக்கு இருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. டெல்லியில் எல்லாக் கட்சிக்காரர்களும் நம்பிப் பேசக்கூடிய மனிதர் அவர். ஆனால் அவர் பிரதமராகியிருந்தாலும் அந்த 140 பேர் அதே இடத்தில்தான் நின்றிருப்பார்கள். அதோடு, ராவ் அதிமுகவுடன் கூட்டு வைத்ததை எதிர்த்துக் காங்கிரஸிலிருந்து வெளியேறித் தனிக்கட்சி கண்டு, ஒரே தேர்தலில் 20 இடம் வென்றவர் அவர். அவர் பிரதமராக நிலைத்திருந்தால் இன்னும் எத்தனை மாநிலக் காங்கிரஸ்காரர்கள் அந்த வழியில் கிளம்புவார்கள் என்ற பயம் கேசரிக்கு வராமல் இருந்திருக்குமா? குஜ்ராலுக்குக் கிடைத்த ஏழு மாதம்கூட அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்த ஏழு மாதம் எப்படி முடிந்தது என்பதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அதற்கு 1991 ஜனவரியிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது பிரதமர் சந்திரசேகர். கையில் இருந்தவர்கள் அறுபதை ஒட்டிய எம்.பி.க்கள். வெளியிலிருந்து ஆதரவு ராஜீவ் காந்தியின் காங்கிரஸ். திமுக ஆட்சியில் விடுதலைப் புலிகளுக்கு இடம் கொடுக்கிறார்கள், அதைக் கலைக்க வேண்டும் என்று காங்கிரஸும் அதிமுகவும் நெருக்கின. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். ஆளுநர் அறிக்கை இல்லாமலே ஜனவரி 30 அன்று கலைஞர் ஆட்சியைக் கலைத்தார்கள். ஆதரவு தந்தவர் கேட்ட விலையைச் சந்திரசேகர் முழுசாகக் கொடுத்தார். பிறகு எத்தனை நாள் பிரதமராக இருந்தார்? ராஜீவ் வீட்டருகே ஹரியானா போலீஸார் இருவர் வேவு பார்த்தார்கள் என்று ஒரு சண்டை கிளம்பியது. மார்ச் 6 அன்று ராஜினாமா. ஐந்து வாரம்.

1997 நவம்பரில், திமுக புலிகளுக்கு இடம் கொடுத்தது என்ற அதே குற்றச்சாட்டு திரும்ப வந்தது. ராஜீவ் கொலையின் பின்னணியை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை பத்திரிகையில் கசிந்தது. கசிந்த சில நாட்களில், நவம்பர் 14 அன்று, பாதுகாப்புத் துறை இணையமைச்சராக இருந்த திமுகவின் என்.வி.என்.சோமு அருணாசலப் பிரதேசத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். ராணுவ முகாம்களைப் பார்க்க எல்லைக்குப் போன இடத்தில் உயிர் போனது. ஒரு வாரத்துக்குள் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நாட்டுக்கு ஆபத்தானவர்கள் என்று சொல்லாத குறையாக, முரசொலி மாறன் உள்ளிட்ட திமுக அமைச்சர்களை நீக்கு, இல்லாவிட்டால் ஆதரவு இல்லை என்றது காங்கிரஸ். இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

குஜ்ரால் நீக்கவில்லை. முன்னணியில் யாரும் நீக்கச் சொல்லவுமில்லை. இத்தனைக்கும் தெலுங்கு தேசத்துக்கோ, அசாம் கண பரிஷத்துக்கோ, சமாஜ்வாதியின் முலாயமுக்கோ திமுகவைக் காப்பாற்றுவதில் ஓட்டு லாபம் எதுவும் கிடையாது. மூன்று அமைச்சர்களை விட்டுக்கொடுத்தால் தங்கள் பதவி தப்பும் என்று தெரிந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. நவம்பர் 28 அன்று காங்கிரஸ் விலகியது. குஜ்ரால் அன்றே ராஜினாமா கொடுத்தார். ஒற்றுமை இல்லாமல் கவிழ்ந்த ஆட்சி என்று வகுப்பில் சொன்னார்களே, அது கவிழ்ந்ததே கூட இருந்தவர்களைக் கைவிட மாட்டோம் என்று நின்றதால்தான். இந்தியக் கூட்டணி ஆட்சிகளின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கிற நாள் அது. அறிக்கை வந்த ஏழாவது ஆண்டில், 2004இல், அதே காங்கிரஸும் திமுகவும் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தன என்பதையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முன்னணி பிறகு உடைந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1998 தேர்தல் முடிந்ததும் அதன் அமைப்பாளராக இருந்த சந்திரபாபு நாயுடுவே வாஜ்பாய்க்கு ஆதரவு கொடுத்தார். தமிழ்நாட்டில் 1996இல் 39க்கு 39 வென்றிருந்த திமுக-தமாகா அணி 9க்கு வந்தது. இரண்டு பிரதமர்களைக் கவிழ்த்த காங்கிரஸ் அந்தத் தேர்தலில் பெற்றது 141. ஒரே ஒரு இடம் கூடுதல். அடுத்த ஆண்டு திமுக வாஜ்பாயுடன் போனது. இவை எல்லாம் ஆட்சி போன பின் நடந்தவை. ஆட்சி இருக்கும்போது லாலு ஜனதா தளத்தைப் பிளந்து தனிக்கட்சி கண்டார், அப்போதும் குஜ்ராலைக் கைவிடவில்லை.

நீங்கள் கெட்டிக்காரர், மறுகேள்வி கேட்பீர்கள். 1999 ஏப்ரலில் ஒரே ஓட்டில் வாஜ்பாய் ஆட்சியைக் கவிழ்த்த அதிமுக அமைச்சரவைக்குள் இருந்த கட்சிதானே? ஆமாம். 2004இல் இடதுசாரிகள் வெளியே நின்றுதானே நான்கு வருடம் தாங்கினார்கள்? அதுவும் ஆமாம். அதனால் வெளியே நிற்பது மட்டுமே பிரச்சினை என்று நான் சொல்ல மாட்டேன். 1979இல் சரண்சிங், 1990இல் வி.பி.சிங், 1991இல் சந்திரசேகர், 1997இல் இரண்டு பேர். ஐவரையும் கவிழ்த்தது, தானே அந்த நாற்காலியில் உட்காரக்கூடிய பெரிய கட்சி, காங்கிரஸ் அல்லது பாஜக. வீட்டுச்சாவியை அந்த வீட்டுக்கே ஆசைப்படுகிறவரிடம் கொடுத்த கதை. இடதுசாரிகளுக்குப் பிரதமர் நாற்காலி எட்டாது, அதனால் அதை இழுக்க அவசரமும் இல்லை. 2008இல் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தில் அவர்கள் விலகியதுகூடக் கொள்கைச் சண்டையில்.

இதற்குச் சட்டத்தில் வழி உண்டா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். ஜெர்மனியில் ஒரு விதி இருக்கிறது. பிரதமரை இறக்க வேண்டுமானால், அடுத்தவர் யார் என்று அதே தீர்மானத்தில் பெயர் சொல்லி அவருக்குப் பெரும்பான்மை காட்ட வேண்டும். அங்கே அது ஒரே முறைதான் பலித்திருக்கிறது, 1982இல் ஷ்மிட் போய் கோல் வந்தபோது. நம் சட்ட ஆணையமும் 1999இல் இதை ஒட்டிப் பரிந்துரை செய்தது, யாரும் கையில் எடுக்கவில்லை. 1997 ஏப்ரல் 11 அன்று அந்த விதி இங்கே இருந்திருந்தால், அந்த 292 பேர் சேர்ந்து ஒரு பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். காங்கிரஸும் பாஜகவும் பொதுவாக யார் பெயரைச் சொல்லியிருக்க முடியும்? தேவகவுடா நாற்காலியில் இருந்திருப்பார். ஆனால் சிதம்பரத்தின் நிதி மசோதா அதே சபையில்தான் ஓட்டுக்கு வந்திருக்கும், அதே 292 பேர் அதைத் தோற்கடித்திருக்க முடியும். பிரதமர் இருந்து பட்ஜெட் இல்லாமல் எத்தனை வாரம் ஓட்ட முடியும் என்பதற்கு அந்த விதியில் பதில் கிடையாது.