காண்டாக்ட்டில் தவில், நாதஸ்வரம், தம்பூரா மூன்றும் ஒரே டிராக்கில் கொட்டுகின்றன

வணக்கம் சகோதரரே. டர்பன் கோயில் காவடிப் பாட்டுக்கு ரீப்பரில் (Reaper, ஒலிப்பதிவு மென்பொருள்) ஒரே காண்டாக்ட்டில் (Kontakt, வாத்திய ஒலிகளை வாசிக்கும் ப்ளக்இன்) மூன்று வாத்தியம் ஏற்றியிருக்கிறீர்கள், ரிவெர்ப் (எதிரொலி விளைவு) போட்டால் தவிலும் சேர்ந்து குழம்புகிறது, சரிதானே? ரிவெர்ப்பைக் குறை சொல்லாதீர்கள். மூன்றும் ஸ்டீரியோ 1-2 வழியாகவே வெளியேறுகின்றன.

காண்டாக்ட்டில் தவிலுக்கு அவுட்புட் st.1, நாதஸ்வரத்துக்கு st.2, தம்பூராவுக்கு st.3 கொடுங்கள். மிடி (எந்தச் சுரத்தை வாசிப்பது என்று சொல்லும் சிக்னல்) சேனலையும் 1, 2, 3 என்று பிரியுங்கள்; ஆம்னியில் (எல்லாச் சேனலையும் கேட்கும் நிலை) விட்டால் ஒரு சுரத்துக்கு மூன்றும் வாசிக்கும். ரீப்பரில் அந்த டிராக்கின் ரூட் (Route) ஜன்னலில் டிராக் சேனலை 6 ஆக்குங்கள். பலர் மறப்பது இதைத்தான். 2 என்றே இருந்தால் மற்ற இரண்டும் போக வழியில்லை.

பிறகு மூன்று புது டிராக்குக்கு செண்ட் (ஒலியை வேறு டிராக்குக்கு அனுப்பும் வழி) போடுங்கள்: 1/2, 3/4, 5/6, ஒவ்வொன்றும் அங்கே 1/2-க்கு. செண்டில் மிடி தேவையில்லை, அதை 'நன்' (None) ஆக்கலாம். காண்டாக்ட் டிராக்கின் மாஸ்டர் செண்டை (இறுதி மிக்ஸுக்கு நேராகப் போகும் வழி) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தவில் இரு வழியாகப் போய் 6 டெசிபெல் ஏறும், "மிக்ஸ் கெட்டுப்போச்சு" என்று தேட வேண்டிவரும்.

ரிவெர்ப் தனி டிராக்கில், டிரையை (விளைவு சேராத மூல ஒலி) முழுக்க இறக்கி. நாதஸ்வரத்திலிருந்து தாராளமாக அனுப்புங்கள், தவிலிலிருந்து துளிதான். அப்படியும் 3/4-இல் சத்தம் வராவிட்டால், ப்ளக்இன் ஜன்னலின் 'பின் கனெக்டரில்' (pin connector, ப்ளக்இன் அவுட்புட்டை டிராக் சேனலோடு இணைக்கும் கட்டப் பலகை) அந்தக் கட்டங்கள் டிக் ஆகியிருக்கின்றனவா பாருங்கள்.