பொழுது சாஞ்சா சிவப்பு மட்டும் ஏன் கறுத்துத் தெரியுது?

பாண்டி பீச் ரோட்ல லைட்டு போடுறதுக்கு முன்னாடி போலீஸ்காரரோட சிவப்பு தொப்பி கறுப்பா தெரியுது, நீலம் மட்டும் பளிச்சுனு இருக்கு, கண்ணுல கோளாறான்னு கேட்டிருக்கீங்க. கோளாறே இல்லைங்க, பெரும்பாலும் எல்லாருக்கும் அப்படித்தான்.

விழித்திரையில கூம்பு செல் சுமார் 60 லட்சம் இருக்கு, அதுல மூணு வகை, மூணோட சிக்னலையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மூளை இது இன்ன கலர்னு முடிவு பண்ணுது, ஆனா அதுக்கு நல்ல வெளிச்சம் வேணும். இருட்ட ஆரம்பிச்சா சுமார் 12 கோடி குச்சி செல் வேலையை எடுத்துக்கும், அது ஒரே வகைங்கறதால கலர் பிரிக்க வழியில்ல. பகல்ல கண்ணுக்கு ரொம்ப எடுபடுறது 555 நானோமீட்டர் அலைநீளம் உள்ள ஒளி, அதாவது பச்சை கலந்த மஞ்சள். குச்சி செல்லுக்கு அது 500 பக்கம், நீலப்பச்சை. சிவப்போ 620க்கு மேல, அதனால குச்சி செல்லுக்கு அது அனேகமா தெரியவே தெரியாது, தொப்பி கறுத்துடுது. செக் விஞ்ஞானி புர்கின்யே இதை 1825லயே எழுதி வச்சிட்டாரு, எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்.

இன்னொண்ணு, பார்வையோட நட்ட நடுவுல குச்சி செல்லே கிடையாது. போனை உள்ள வச்சிட்டு அரை மணி நேரம் இருட்டுல இருங்க, மங்கலான நட்சத்திரத்தை நேரா பார்த்தா காணாம போகும், கொஞ்சம் தள்ளி பார்த்தா தெரியும்.