புயலுக்குப் பின் நண்டு வலையில் சேறுதான் ஏறுகிறதா?

அதிராம்பட்டினம் பக்கம் புயல் போய் ஐந்து நாளாகியும் வலையில் சேறும் தாழை எனும் கடற்புல்லும்தான் ஏறுகிறது என்கிறீர்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல் நண்பரே, வாடைக்காற்று அடங்கும்வரை கலக்கல் தெளியாது. 2018 கஜாவில் வேதாரண்யம் கரையிலேயே சேறு ஒதுங்கிக் கிடந்ததே!

வலையை மொத்தமாக இறக்காதீர்கள். இரண்டு துண்டு மட்டும், ஆற்றுமுகத்தை விட்டுத் தள்ளி ஆழத்தில் போட்டுப் பாருங்கள். வெள்ளம் இறங்கும் இடத்தில் உப்பு குறைவதால் நீலக்கால் நண்டு விலகிவிடும். ஈயக்குண்டு அதிகமானால் வலையின் அடிக்கயிறு புதுச்சேற்றில் புதையும், கொஞ்சம் கழற்றுங்கள். ரொம்பக் கழற்றினால் நீரோட்டம் வலையைச் சுருட்டிவிடும்.

கரையேறியதும் ஈரத்தோடு கழுவுங்கள். காய்ந்தபின் உதறினால் முடிச்சோரம் வலையின் நைலான் நரம்பு அறும். படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் என்றால், அதைக் குளிர்வித்துப் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிகிறதா என்று கவனியுங்கள். மெலிந்தால் உடனே நிறுத்துங்கள், சேறு அடைத்திருக்கும்.