குதிமுள்ளுக்குக் கத்தி வேண்டுமா?

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 52 வயது. கானாடுகாத்தானில் வீட்டிலேயே பலகாரம் செய்து வெளியூர்களுக்கு அனுப்புகிறேன். விசேஷக் காலங்களில் விடியற்காலை தொடங்கி இரவு வரை தேன்குழலும் மணகோலமும் பிழிந்தபடி அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருக்கும். கடந்த 14 மாதங்களாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிரே போகிறது. நாலடி நடந்தால் சற்றுக் குறைகிறது. உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே வலி. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஒரு மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார், இன்னொருவர் பி.ஆர்.பி. என்கிறார், மூன்றாவதாகப் போன இடத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் பார்த்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பெரிய அத்தையோ எருக்கிலையும் சுட்ட செங்கல்லும் போதும் என்கிறார். உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள், 10 நாள் செய்து பார்த்தேன், பலன் தெரியவில்லை என்று விட்டுவிட்டேன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சகோதரி, தங்கள் கடிதத்தைப் படித்து வந்தபோது என் கண் நின்ற இடம் அந்த 10 நாள் கணக்குத்தான். வலி தொடங்கி 14 மாதங்கள் ஆகின்றன; அதற்கு முறையாக வைத்தியம் நடந்தது 10 நாள். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே ஊசியைப் பற்றியும் கத்தியைப் பற்றியும் பேசுவது நியாயமாக இருக்கும்.

தாங்கள் விவரித்திருக்கும் வலி, நம் பக்கத்தில் குதிகால் வாதம் என்று வழங்கும் நோய்க்கு அப்படியே பொருந்துகிறது. குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் வேர் வரை உள்ளங்காலின் நீளத்துக்கு ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுகிறது. நடக்கும்போது பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது அதுவே. நாள்தோறும் மணிக்கணக்கில் பாரம் ஏறும்போது, அந்தப் பட்டை எலும்பைப் பற்றியிருக்கும் இடத்தில் சிறிது சிறிதாக நைந்துபோகிறது. இரவில் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கியிருக்கிறது. காலையில் வைக்கும் முதல் அடி அதைத் திடீரென்று இழுக்கிறது. உயிர் போவது போன்ற அந்த வலிக்குக் காரணம் இந்த இழுப்புத்தான்.

எலும்பு முள்ளைப் பற்றிய அச்சத்தை முதலில் விடுங்கள். ‘முள்’ என்ற சொல்லைக் கேட்டதுமே அது சதையைக் குத்திக்கொண்டிருப்பதாகவும், பிடுங்கி எறிந்தால் வலி தீர்ந்துவிடும் என்றும் மனம் எண்ணிக்கொள்கிறது. குதிகாலில் எந்த வலியும் இல்லாத பலருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இதே முள் தெரியும். கடும் வலியோடு வரும் பலருக்கு முள்ளே இருக்காது. வலி முழுவதும் நீங்கிய பிறகு படம் எடுத்தாலும் முள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே அந்தப் படத்தைக் காட்டி மட்டும் யாராவது அறுவை சிகிச்சைக்கு அழைத்தால், அந்தக் காரணம் போதாது.

தங்களுக்குச் சொல்லப்பட்ட வழிகளை நான் வரிசைப்படுத்துவது ஒரே அளவுகோலைக் கொண்டுதான்: பலன் தராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்று பார்ப்பேன். திரும்ப முடிந்தவற்றை முதலில் முழுமையாகச் செய்து பார்க்க வேண்டும். திரும்ப முடியாதவை வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். இந்த நோயில் அப்படிக் காத்திருப்பதற்கு நியாயம் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு அளவில், கத்தி படாமலே இது அடங்கிவிடுகிறது.

முதலில் தரையைப் பாருங்கள். நம் செட்டிநாட்டு வீடுகளின் அழகே தரையில்தான் இருக்கிறது. வளவில் ஆத்தங்குடிக் கல், முகப்பில் சலவைக்கல், அடுப்படியில் சிமெண்டு. கண்ணுக்குக் குளிர்ச்சியான இந்தத் தரைகள் குதிகாலுக்கு இரக்கம் காட்டுவதில்லை. வீட்டுக்குள் செருப்புப் போடுவது நம் வழக்கமில்லை என்பதை அறிவேன். எனினும் வெளியே கொண்டுபோகாத, கழுவித் துடைத்து வைத்த, மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். சாமி வீட்டு வாசலில் மட்டும் கழற்றினால் போதும். அது கட்டிலுக்கு அருகிலேயே கிடக்கட்டும், ஏனென்றால் காலையின் முதல் அடியே வெறுங்காலோடு கல்லில் படக்கூடாது. அடுப்புக்கு முன்னால் கனமான ரப்பர் விரிப்பைப் போட்டு, ஓர் உயரம் குறைந்த மணையையும் வைத்து, கால்களை மாற்றி மாற்றி அதன்மேல் தூக்கி வையுங்கள். மாவு பிசைவதும் அடுக்கிக் கட்டுவதும் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகளே. நின்று செய்வதைப் பிழிவதற்கும் எடுப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செருப்புக்குள் வைக்கும் மெத்தையை அளவெடுத்துத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும் என்பதில்லை; கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதும் பெரும்பாலும் அதே அளவு பயன் தருகிறது. உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் இந்தப் பட்டைக்கு ஓய்வுதான்.

அடுத்தது, தாங்கள் கைவிட்ட பயிற்சி. விழித்ததும் இறங்காமல் கட்டிலிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு முழங்காலின்மேல் போட்டு, விரல்களைக் கையால் அதே காலின் முழந்தாள் பக்கமாக வளைத்து இழுங்கள். உள்ளங்காலில் அந்தப் பட்டை நாண் போல விறைப்பது மறு கை விரல்களுக்குத் தட்டுப்படும். 10 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இப்படி 10 முறை, நாளைக்கு 3 வேளை. கெண்டைக்காலை நீட்டுவதற்குச் சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்சாய்ந்து நில்லுங்கள். இரண்டு வாரம் கழித்து, ஒன்றுவிட்டு ஒரு நாள், வாசற்படியின் விளிம்பில் துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, மெல்ல மெல்லக் குதிகாலை உயர்த்தி, சற்று நிறுத்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். சுவரையோ தூணையோ பிடித்துக்கொள்வது அவசியம். நைந்த நார் மறுபடி முறுக்கேற மாதக்கணக்கில் ஆகும். ஆகவே 10 நாளில் பலன் தெரியாமற்போனதில் வியப்பில்லை. குறைந்தது 3 மாதம், முறை தவறாமல் செய்த பிறகே பயிற்சி பலித்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு ஊசி வலியைச் சீக்கிரம் தணிக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நிம்மதி பெரும்பாலும் சில வாரங்கள், மிஞ்சினால் 3 மாதம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்ந்துபோகலாம். அரிதாக அந்தப் பட்டையே அறுந்துவிடலாம். சர்க்கரை நோய் இருப்பவருக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். வலியால் பயிற்சியைத் தொடங்கவே முடியாதவருக்கு ஒரே ஒரு முறை வழி திறந்துவிடும் கருவியாக அதை ஏற்பேன். விசேஷ வேலை நெருங்கிவிட்டது என்பதற்காகப் போட்டுக்கொண்டு, அன்றே 12 மணி நேரம் நின்றால் அது தீமையாகவே முடியும்.

பி.ஆர்.பி. என்பது தங்கள் இரத்தத்தையே சிறிது எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் மிகுந்த பகுதியைப் பிரித்து, வலிக்கும் இடத்தில் செலுத்துவது. ஸ்டீராய்டைவிட நெடுநாள் பலன் தந்ததாகச் சில ஆய்வுகளும், வேறுபாடு இல்லை என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன, செலவும் கூடுதல். ஷாக்வேவ் எனப்படும் அதிர்வலைச் சிகிச்சை, 6 மாதத்துக்கு மேலும் வலி விடாதவர்களுக்குப் பொதுவாக வாரம் ஒன்றாக 3 முதல் 5 அமர்வுகள் தரப்படுகிறது. தரும்போது வலிக்கும், ஆனால் எதையும் வெட்டுவதில்லை. பயிற்சியை மனமார 3 மாதம் செய்தும் பலனில்லையென்றால், வசதி இருக்கும் ஊரில் இதை நான் பி.ஆர்.பி.க்கு முன்னால் வைப்பேன். அறுவை சிகிச்சையில் நார்ப்பட்டையின் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறார்கள். பாதத்தின் வளைவு தாழ்வதும், பாதத்தின் வெளிப்புறத்தில் புது வலி தோன்றுவதும், நரம்பு பட்டு மரத்துப்போவதும் அதில் நேரக்கூடியவை. வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. ஆகவே நாள் குறிப்பதைத் தள்ளிவையுங்கள்.

பெரிய அத்தை சொன்ன செங்கல் ஒத்தடத்தை நான் இகழ மாட்டேன். இதமான சூடு தசையைத் தளர்த்துகிறது. பயிற்சிக்கு முன் அது நல்லதே. எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு, தோலிலும் புண்ணாக்கும். ஆகையால் இலையை விட்டுவிட்டு, துணி சுற்றிய சூடு போதும். ஆனால் இந்த வைத்தியம் யாருக்கு ஆகவே ஆகாது என்பதை அடுத்த கடிதத்தில் பாருங்கள்.

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு 66 வயது, 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு உள்ளங்காலும் இரவில் எரிகின்றன. பகலில் பஞ்சின்மேல் நடப்பது போல இருக்கிறது என்கிறார். எரிச்சலுக்குக் கொதிக்கக் கொதிக்க உப்பு வெந்நீரில் கால்களை வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குக் காவடியோடு வெறுங்காலில் நடந்து போகிறவர். இந்த ஆண்டும் போவேன் என்கிறார். தடுக்கலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: வெந்நீரை இன்றே நிறுத்துங்கள். எரிகிற பாதம் என்பதால் அது நன்றாக உணர்கிற பாதம் என்று எண்ணிவிடக் கூடாது. சர்க்கரையால் நரம்பு கெடும்போது எரிச்சலும் மரப்பும் ஒரே பாதத்தில் சேர்ந்தே இருக்கும். தோல் வெந்து கொப்புளம் எழுந்த பின்னும் அவருக்குச் சூடு தெரியாது. குளிக்கும் நீரைக்கூட வீட்டில் வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து உணர்ச்சியைச் சோதிப்பது சில நிமிட வேலை. பாதத்தில் இரத்த ஓட்டத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். அவர் பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்து வந்தால் இரத்தத்தில் பி12 வைட்டமின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் இதே எரிச்சல் வரும், அதைத் திருத்துவது எளிது. எரிச்சலுக்கென்று பிரிகாபலின், டுலாக்செடின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. இவை வலியைத் தணிக்குமே தவிர நரம்பைப் பழையபடி ஆக்கா. தூக்கமும் தள்ளாட்டமும் வரக்கூடும் என்பதால், இந்த வயதில் மிகக் குறைந்த அளவில் மருத்துவர் தொடங்கித் தர வேண்டும்.

யாத்திரையைப் பற்றி எழுதும்போது என் கையும் சற்றுத் தயங்குகிறது. தலைமுறை தலைமுறையாக நகரத்தார் நடந்து வந்த பாதை அது. அவர் நேர்த்திக்கடனின் கனத்தை நான் அறிவேன். ஆனால் உணர்ச்சி இழந்த பாதம் தார்ச் சாலையில் வெறுங்காலோடு போனால், ஒரு கண்ணாடிச் சில்லோ முள்ளோ ஏறியதை அன்றிரவு யாராவது பார்க்கும் வரை அவரே அறிய மாட்டார். அந்தச் சிறு காயம் விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோனதை நான் கண்டிருக்கிறேன். வெறுங்கால் நடை இந்த ஆண்டு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சோதனை முடிந்து மருத்துவர் இசைந்தால், சிறிது தூரம் எம்.சி.ஆர். செருப்போடு நடக்கட்டும்; மற்ற தூரத்தை வண்டியில் வந்து, தங்கும் இடங்களில் அன்னதானப் பணியில் இருக்கட்டும். எம்.சி.ஆர். என்ற அந்த மெத்தென்ற ரப்பர் செருப்பு, வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காக்க உருவாக்கியது. தாங்கள் எடுத்துச் சொல்வதைவிட, அவரோடு ஆண்டுதோறும் நடக்கும் மூத்தவர் ஒருவரைக் கொண்டு சொல்லவைப்பது அவர் மனத்தில் ஏறும்.

இரவுதோறும் கண்ணாடி வைத்து உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால், வலியே இல்லாவிட்டாலும் அவரை அந்தக் காலை ஊன்ற விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: வயது 27. ஆத்தங்குடியில் கல் போடும் வேலை. இரண்டு குதிகாலிலும் ஓராண்டாக வலி. காலையில் இடுப்பும் முதுகும் ஒரு மணி நேரம் விறைத்து நிற்கின்றன. வேலை தொடங்கினால் சரியாகிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்திருந்தால்தான் கூடுகிறது. நின்று செய்யும் வேலையால் வந்தது என்று குதிகாலில் ஊசி போடச் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, வேலையால் வரும் வலி பொதுவாக ஓய்வில் தணியும், உங்கள் வலி ஓய்வில் கூடுகிறது. இளம் வயது, இரண்டு குதிகாலும் சேர்ந்து வலிப்பது, காலையில் நெடுநேரம் முதுகு விறைப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், முதுகெலும்பை மெல்ல மெல்ல இறுக்கிவிடும் ஒருவகை மூட்டுவாதம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எலும்பு மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொள்வதற்கு முன் மூட்டுவாத நிபுணர் ஒருவரைப் பாருங்கள், எச்.எல்.ஏ. பி27 என்ற இரத்தப் பரிசோதனையும் முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுகளின் எம்.ஆர்.ஐ. படமும் தேவையா என்று அவர் முடிவு செய்வார். இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு முதுகு வளையாமல் காக்கலாம். அவரிடம் போகும்போது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை மறவாமல் சொல்லுங்கள். இந்த வாதம் கண்ணையும் தாக்கலாம்; இடையில் ஒரு கண் சிவந்து வலித்து வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால், முன்பதிவுக்காகக் காத்திராமல் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.